படத்தில் இருந்த கிடை

முதுகலை ஆய்வுக்காக எனக்குத் தரப்பட்டவை ஒரு பழைய மாட்டுப் பண்ணையின் புகைப்படங்கள். ஆப்பிரிக்காவின் தென்மேற்கை ஜெர்மானியர் ஆண்ட காலத்தில், இறைச்சி வியாபாரத்துக்காக வேலி போட்டு வளைத்த பண்ணை. வேலிக்கு முந்தைய படங்களில் இடுப்பளவு புல். பிந்தைய படங்களில் கட்டாந்தரை, அப்புறம் முட்புதர். ஒரே இடத்தில் வருடம் முழுக்க மாட்டை விட்டு மேய்த்தால் அப்படித்தான் ஆகும். இதை ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு வந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முதல் படத்தின் அடியில் பண்ணைக்காரர் தன் கையால் 'ஆளற்ற புல்வெளி' என்று எழுதியிருந்தார். அதில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் புல் அடர்ந்து நின்றது. கரையான் வேலையாக இருக்கும் என்றார் என் பேராசிரியர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். சிவகங்கைப் பக்கம் கிடைமாடு மேய்ப்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பதில் குரலாக வந்தது.

"கரையானுமில்ல, கத்திரிக்காயுமில்ல. கிடை போட்ட எடம்டா. முள்ள வெட்டி வளைச்சு மாட்டை அடைச்சிருக்கான். சாணி விழுந்த எடத்துல பல வருசத்துக்குப் புல்லு தூக்கிக்கிட்டு நிக்கும். புல்லு தீர்றதுக்குள்ள அடுத்த எடம் மாறிருக்கான், வெவரமான ஆளு. இதைக் கேக்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போன?"

அப்படியென்றால் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை விரட்டிய பிறகுதான் புல்லும் போனது. ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினேன்.

"இதற்கு ஆதாரம்?" என்றார் பேராசிரியர்.

"ஒரு மேய்ப்பர் சொன்னார்."

"எந்த மேய்ப்பர்?"

"ஊரில், தெரிந்தவர்."

அப்பா என்று வாயில் வரவில்லை.

ஒரு மேய்ப்பரின் பேச்சைச் சான்றாகக் காட்ட முடியாது என்றார் அவர், கனிவாகவே. பண்ணைக்காரர் எழுதிய வரி மட்டும் ஆவணமாம். எனக்கு விசா முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.

"நான் சொன்னதை எழுதுனியாடா?" என்று அப்பா கேட்டார்.

"எழுதிட்டேன்ப்பா."

"அப்ப ஒரு பொஸ்தகம் அனுப்பு."

அச்சிட்ட ஆய்வேட்டை அனுப்பினேன், ஊரில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது என்ற தைரியத்தில். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைப் பிரித்துக் காட்டி, "இது நான் சொன்னது" என்கிறாராம். அவர் விரல் வைக்கும் இடத்துக்குக் கீழே அச்சில் இருக்கிறது: ஆளற்ற புல்வெளி.