துண்டு போட்டு மூடிய கணக்குப் பாடம்

எங்கள் அலுவலகத்தில் ஆன்லைன் வகுப்பு வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற அம்மாவுக்கு ‘துண்டக்கா’ என்று பெயர். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையைத் துண்டால் மூடிவிட்டு, பாடத்தைக் காதால் மட்டும் கேட்பார். புரியாவிட்டால் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்புவார். அவர் தலை தெரிந்தாலே மற்ற வாத்தியார்கள் நழுவிவிடுவார்கள். கணக்கு வாத்தியாரான நான் மட்டும், ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பியதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வருட அனுபவம், சும்மாவா?

துண்டுக்குப் பின்னாலிருந்து என் குரல் வந்தது. “இத எடுத்து இங்க போடுங்க, அது அந்தப் பக்கம் போயிரும். அவ்ளோதான்!”

“எத சார் எடுக்கணும்? எங்க போடணும்?” என்றார் துண்டக்கா.

“அதான் கையால காட்டுறேனேம்மா! பாத்தா தெரியாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போனில் ஒரு குரல் பதிவைப் போட்டார். பேசியது எங்கள் ஆன்லைன் வகுப்பில் படிக்கிற, கண் தெரியாத மாணவி. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். “அக்கா, ரெண்டு தடவ கணக்குல போயிருச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா கோர்ஸ்லேர்ந்தே பேர எடுத்துருவாங்க. சார் எதக் காட்டுறாருன்னு யாராவது சொன்னாப் போதும்க்கா.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரீட்சைக்குப் பத்தே நாள். பன்னிரண்டு பாடங்களையும் மறுபடி பதிவு செய்ய உட்கார்ந்தோம்.

“கை ரெண்டும் பாக்கெட்லயே இருக்கட்டும் சார்.”

அடக் கடவுளே! கையை அடக்கினால் எனக்குப் பேச்சே வரவில்லை. என்னையும் அறியாமல் கை வெளியே வரும். உடனே கேமராவை நிறுத்திவிட்டு, “வந்துருச்சு சார்” என்பார் துண்டக்கா. முதல் பாடத்துக்கே ஒரு பகல் போனது. அப்புறம் மெல்ல மெல்ல வாய்க்கு வந்தது: “சமக்குறிக்கு வலது பக்கம் இருக்கற கூட்டல் மூணு, இடது பக்கம் வந்தா கழித்தல் மூணு.”

அந்தப் பெண் அறுபத்தொன்று வாங்கித் தேறிவிட்டாள். ஓடிப்போய்ச் சொன்னேன். துண்டக்கா அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் பத்தாவதுல கணக்குல போய், படிப்பையே விட்டவ சார். இந்தப் பன்னெண்டு பாடமும் எனக்கே புரிஞ்சுது. அன்னிக்கும் எங்க வாத்தியார் போர்டுல இப்படித்தான் காட்டிட்டே போவாரு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.”

இருபத்திரண்டு வருடத்தில் என் வகுப்பில் எத்தனை பேர் அப்படிப் போனார்களோ, நான் ஒருவரைக்கூட ஏன் என்று கேட்டதில்லை.