மிஸ்டர் மேப்ரி, மிஸ் ஒஸெல்லா

இன்று காலை நெடுஞ்சாலை ஓரத்து அவித்த கடலைக் கடையில் யாரைப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒஸெல்லா கிரையர்! ஒரு வாரமாக இந்தக் கவுன்டியில் எந்தப் போனைத் திறந்தாலும் அதில் ஓடிக்கொண்டிருக்கும் அதே ஒஸெல்லா கிரையர். கையில் ஆவி பறக்கும் கடலைப் பை. ஒன்றைக்கூட உரிக்காமல் சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"நீ என் பஸ்ல வந்த புள்ளதானே? கடைசி சீட்டு. வாயே மூடாது."

"ஆமாங்க மிஸ் ஒஸெல்லா."

"இன்னிக்கு வேலை ஏதும் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப ஏறு. தேர்தல் போர்டு நடணும். வெர்னெல்லுக்கு முதுகு வலியாம்."

ஏறிவிட்டேன். இருட்டும் வரை அவருடைய வேனில்தான் சுற்றினேன். இப்போது செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் மனசு ஆறாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒஸெல்லா கிரையர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எங்கள் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கறுப்பினப் பெண். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர், கறுப்போ வெள்ளையோ பழுப்போ, அவரிடம் "உக்காரு! பஸ் நகருது!" என்று திட்டு வாங்கியவர்கள். மழை பெய்தால் கிழக்குப் பக்கத்து மண் சாலையில் பஸ் புதையும். அங்கே ஒரு சின்னப் பாலம் கேட்டு வருஷக்கணக்காக மனு கொடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. ஓய்வு பெற்றதும், சாலையும் பாலமும் யார் கையில் இருக்கிறதோ அந்தக் கவுன்டி கமிஷனர் பதவிக்கான தேர்தலில் தானே நின்றுவிட்டார். எதிர்த்து நிற்பவர் க்ளே மேப்ரி. வெள்ளைக்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருடைய அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த நாற்காலி அது. க்ளேயும் ஒஸெல்லாவின் பஸ்ஸில் வந்த பையன்தான்.

போன வியாழக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் இருவரையும் மேடையேற்றிக் கேள்வி கேட்டார்கள். நடத்தியவர் ஃபெர்ன் டில்லட்சன், ஓய்வு பெற்ற வெள்ளைக்கார டீச்சர். தங்கமான மனுஷி. "மிஸ்டர் மேப்ரி, வரியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார். அடுத்து இந்தப் பக்கம் திரும்பி, "மிஸ் ஒஸெல்லா, நீங்க சொல்லுங்க" என்பார். கூட்டம் முடியும் வரை இதே கதை. அவருக்குக் குடும்பப் பேர், இவருக்கு முதல் பேர். க்ளேயும் தன் முறை வந்தபோதெல்லாம் அவரை மிஸ் ஒஸெல்லா என்றே சொன்னார். யாரோ ஒருவர் அந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி வீடியோவாகப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது! இது அப்பட்டமான நிறவெறி என்றார் ஒருவர். இந்த மண்ணில் கறுப்பினப் பெண்களுக்கு எத்தனை வயதானாலும் குடும்பப் பேர் சொல்லி மரியாதை கொடுத்ததே கிடையாது, அதன் மிச்சம்தான் இது என்றார். நிறமெல்லாம் இல்லை, ஆணாதிக்கம் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை, தெற்கில் பிரியமானவர்களை இப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் அம்மாவே ஊருக்கு மிஸ் பெட்டிதான், வெளியூர்க்காரன் வாயை மூடு என்றார் மூன்றாமவர். இந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒருவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்.

நம்மூர் மேடையை நினைத்துப் பாருங்கள். ஒரு வேட்பாளர் "சார்", பக்கத்து நாற்காலியில் இருப்பவர் "அக்கா". அக்கா என்பது திட்டா? இல்லவே இல்லை, அன்புதான். ஆனால் நாற்காலி ஒன்றுதானே?

இதில் இன்னொரு கூத்து. ஒஸெல்லாவின் சொந்தத் தேர்தல் போர்டிலேயே "மிஸ் ஒஸெல்லா" என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் படம் எடுத்துப் போட்டு, "இந்தம்மா எதுக்கு அழுவுது?" என்று கேலி. அழுதாரா? அவர் வாயையே திறக்கவில்லை! இத்தனை பேர் சண்டை போட்டார்களே, ஒருவராவது அவரிடம் போய்க் கேட்டார்களா?

முதல் போர்டை நட்டு முடித்ததும் நான் கேட்டேன்.

"உண்மையில அது நிறவெறியா, ஆணாதிக்கமாங்க?"

சுத்தியலை வேனுக்குள் போட்டார். "ரெண்டும் ஒரே பஸ்லதான் வந்துச்சு. எது முதல்ல ஏறிச்சுன்னு நான் பாக்கல. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பின் சீட்டிலிருந்து வெர்னெல் சிரித்தார். ஒஸெல்லாவின் அண்ணன் மனைவி. முதுகு வலி என்று பேர்தான், வேனில் உட்கார்ந்தபடி எங்கள் இருவரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். "இதையே அந்த மேடையில சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பே. அங்க போயி ஊமை மாதிரி உக்காந்துட்டு வந்தே."

"சொன்னா என்ன சொல்வாங்க? 'பாரு, ஆரம்பிச்சிட்டா, கோவக்காரி'ம்பாங்க. பஸ்ல வந்த வெள்ளைக்காரப் புள்ளைங்க ஓட்டு இல்லாம எனக்கு ஒண்ணும் நடக்காது வெர்னெல். சொல்லாமப் போனா ரெனிட்டா எங்கிட்டப் பேசவே மாட்டா."

ரெனிட்டா அவருடைய மகள், அட்லாண்டாவில் வக்கீல். சொல்லி வைத்தாற்போல் அப்போதே போன் அடித்தது.

"அம்மா, அறிக்கை எழுதி அனுப்பினேனே, போட்டீங்களா?"

"போர்டு நடறேன்டி."

"அம்மா! ரெண்டாவது கூட்டம் இந்த வியாழக்கிழமை. அதுக்குள்ள நீங்க வாயைத் திறக்கலேன்னா, உங்களுக்கு அது சம்மதம்னு ஆயிடும்."

"எனக்குச் சம்மதம்னு யாருடி சொன்னா?"

"யாருமே சொல்லல. அதைத்தான் நானும் சொல்றேன்!"

வேன் கிளம்பியது. ஒஸெல்லா ஓட்டும்போதும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடியைத் திருத்துவார், ரேடியோவைப் போடுவார், அணைப்பார். ஒரே சாலையில் இரண்டு முறை போய் வந்தோம். வெர்னெல்தான் கத்தினார்: "அடியே, இந்த மரத்தை இப்பத்தானே பாத்தோம்!"

பைன் தோப்பு முனையில் போர்டு நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு டிரக் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. இறங்கியது க்ளே மேப்ரி! தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி.

"மிஸ் ஒஸெல்லா, ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

"பேசு க்ளே."

"அந்த வீடியோ... நான் உங்களை அவமானப்படுத்திட்டேனாங்க? சின்ன வயசுலேந்து வாயில வர்ற பேருங்க. வேற பேரு வாயிலயே வரமாட்டேங்குது."

"பஸ்ல நீ எப்படி வேணா கூப்பிடு. மேடையில நீ பஸ்ல இல்லியே."

க்ளேக்கு வேர்த்தது. ஆனால் விடவில்லை, தன் நியாயத்தைச் சொல்லித்தான் தீருவேன் என்பதுபோல் விரலை மடக்க ஆரம்பித்தார். "நிறவெறிங்கறாங்க. மிஸ் பெகி ஆறாம் நம்பர் பஸ் ஓட்டினாங்கல்ல? வெள்ளைக்காரம்மாதானே? அவங்களையும் முதல் பேர் சொல்லித்தானே கூப்பிட்டோம்?"

"ஆமா."

"சரி, பொம்பளைங்கறதாலன்னு சொல்றாங்க. மிஸ்டர் லியான் ஆம்பளைதானே? உங்க சர்ச்சு ஆளு. அவரையும் அப்படித்தானே?"

"லியான் ப்ரூவிட். ஆமா, உங்களுக்கு மிஸ்டர் லியான்தான்."

"அப்ப ரெண்டுமே இல்லேன்னு ஆகுதுல்ல? டிரைவருங்க எல்லாருக்குமே அப்படித்தான்! மிஸ் பெகி, மிஸ்டர் லியான், நீங்க, மிஸ்டர் டாப்ஸ்..."

விரல் பாதி மடங்கியபடி நின்றுவிட்டது.

வேனின் ஜன்னல் இறங்கியது. வெர்னெல்லின் தலை வெளியே வந்தது. "டாப்ஸோட முதல் பேரு என்னப்பா க்ளே?"

க்ளே வானத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "தெரியலீங்க."

"எனக்கும் தெரியாது," என்றார் ஒஸெல்லா. அவர் குரலில் கொஞ்சம்கூட வெற்றி இல்லை. "தினம் ஒரே ஷெட்டுல நின்னு காபி குடிச்சோம். அவரு என்னை ஒஸெல்லாம்பாரு. நான் மிஸ்டர் டாப்ஸ்ம்பேன். பேரைக் கேக்கணும்னே எனக்குத் தோணல."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! நான்கு டிரைவர்கள். வெள்ளைக்காரப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் மூவருக்கும் முதல் பேர். குடும்பப் பேர் கிடைத்தது ஒரே ஒருவருக்கு, வெள்ளைக்கார ஆணுக்கு. நாடெங்கும் ஒரு வாரமாக அடித்துக்கொண்ட கேள்விக்கு, இல்லை இல்லை என்று வாதாட வந்தவர் வாயிலிருந்தே பதில் விழுந்துவிட்டது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். காது சிவந்துவிட்டது.

"நான் வேணும்னு செய்யலீங்க."

"வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லவேயில்லையே."

"வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுடறேன். மிஸ் கிரையர்னே கூப்பிடறேன். சரியாங்க?"

வெர்னெல் ஜன்னலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஆஹா! ஊரே எழுந்து நின்னு கைதட்டும். அப்படியே ஓட்டையும் அள்ளிக்கிட்டுப் போயிடு, ராசா!"

"அவ சொல்றது நிஜம் க்ளே," என்றார் ஒஸெல்லா. நின்ற இடத்தில் நிற்காமல் போர்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நான் கேட்டா நான் கோவக்காரி. நீ குடுத்தா நீ பெரிய மனுஷன். ரெண்டுலயும் நட்டம் எனக்குத்தான். மன்னிப்பெல்லாம் வேணாம். ஃபெர்ன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கூப்பிடணும். ஒண்ணு, மிஸ்டர் க்ளே, மிஸ் ஒஸெல்லா. இல்ல, மிஸ்டர் மேப்ரி, மிஸ் கிரையர். எது வேணும்னு நீயே எடுத்துக்க. மேடையில அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

சாலைக்கு எதிர்ப்பக்கம் க்ளேயின் போர்டு நின்றது. அதில் முதல் பேரே கிடையாது. நீலத்தில் "மேப்ரி", அவ்வளவுதான். அப்பாவுக்கும் அதே போர்டுதான் இருந்ததாம். மூன்று தலைமுறையாக ஓட்டு வாங்கிய பேர். க்ளே அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மிஸ்டர் க்ளேன்னா என்னை யாருக்கும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எங்க ஆளுங்ககிட்ட கேட்டுச் சொல்றேங்க."

டிரக் போன பிறகு வேனில் ஒரே தவிப்பு. ஒஸெல்லா மடியில் போனை வைத்துக்கொண்டு, அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். ரெனிட்டாவிடம் நடந்ததைச் சொன்னதும் அவள் வெடித்தாள்.

"பேரம் பேசிட்டு வந்திருக்கீங்க! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், அதை ஊருக்குச் சொல்லாம!"

"அவன் என்னை நம்பி வந்து பேசினான்டி. அதை நான் கடைவீதியில கட்டித் தொங்கவிட மாட்டேன்."

"அவன் உங்க எதிரிம்மா."

"அவன் என் பஸ்ல வாந்தி எடுத்தவன்டி."

போன் வைக்கப்பட்டது. யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வெர்னெல்தான் மெதுவாகக் கேட்டார்: "ஏய், அவன் குடும்பப் பேரையே எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவே? கிரையர்னா யாருக்குத் தெரியும்? நம்ம சர்ச்சுலயே பாதிப்பேரு முழிப்பாங்க. ஓட்டுச்சீட்டுல வேற உன் முழுப் பேருதான் வரும், மிஸ் ஒஸெல்லான்னு வராது."

ஒஸெல்லா கடலைப் பையை எடுத்து என் கையில் திணித்தார். சில்லிட்டுப் போயிருந்தது. 

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. ஃபெர்ன் டில்லட்சன். ஒலிபெருக்கியில் போட்டார்.

"மிஸ் ஒஸெல்... ஐயோ, மன்னிச்சுக்கங்க. மிஸ் கிரையர்! ஒரு மணி நேரமா கண்ணாடி முன்னாடி நின்னு பழகறேன், பாருங்க இந்த லட்சணம். க்ளே வந்திருந்தான். ரெண்டு பேருக்கும் குடும்பப் பேருன்னு முடிவு பண்ணிட்டோம். உங்களுக்குச் சரிதானே?"

"சரிதான் மிஸ் டில்லட்சன்."

"எனக்கும் அப்படியா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சந்தோஷம்.

போனை வைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது, நான் துள்ளிக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. "அவனுக்குச் செலவில்லாததை எடுத்துக்கிட்டான்."

"நீதானே எடுத்துக்கன்னே?" என்றார் வெர்னெல்.

"ஆமா. நான்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வியாழக்கிழமை அந்தம்மா 'மிஸ் கிரையர், நீங்க சொல்லுங்க'ன்னு கேக்கறப்போ, அந்த ஹாலு யாரைத் தேடும்?"

பதில் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வந்தது. அதற்காகத்தான் இவ்வளவு வேகமாக எழுதினேன்.

இந்தக் கவுன்டியில் இருக்கிற நம் ஆட்களே, வியாழக்கிழமை மாலை தீயணைப்பு நிலையத்துக்கு வாருங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது உங்கள் இஷ்டம், நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்து உட்காருங்கள். "மிஸ் கிரையர்" என்ற பேர் அந்த ஹாலில் முதன்முதலாக ஒலிக்கும்போது, "யாரது?" என்று ஒரு தலைகூட அக்கம்பக்கம் திரும்பக் கூடாது. எல்லாக் கண்ணும் நேரே அவர்மேல் போய் நிற்க வேண்டும். வர முடியாதவர்கள் இதைப் பக்கத்து வீட்டுக்காவது அனுப்புங்கள். அவர் முழுப் பேர் ஒஸெல்லா கிரையர்.