நாலாம் நம்பர் மெஷினில் பொன்னுத்தங்கம்

பொன்னுத்தங்கம் எங்கள் சாத்தூர் பிரௌசிங் சென்டருக்கு முதல் நாள் வந்தபோது கண்ணாடிக் கதவை நான்தான் திறந்துவிட்டேன்.

"கதவு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ தள்ளுலே."

சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது. எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியிருந்தது; சென்டரில் மெஷின் பார்க்கிற பையன் நான்தான். அவளுக்கு முப்பத்தொன்று. ஏழு வருசத்துக்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, அடுத்த அறை வெடித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் அதற்கு முன்பே ஆங்கில டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்திருந்தாள். விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை.

அவளிடம் யாரும் 'பாவம்' என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை பஸ்ஸில் ஒருவர், "பாவம், உக்காரும்மா" என்று எழுந்து இடம் கொடுத்தார். அந்த இடத்தில் தன் பையை வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே வந்தாள். அவரும் நின்றுகொண்டே வந்தார்.

அவள் வருவதற்கு முன்னால், 2008-இல் நடந்தது இது. திருட்டு சிடி பிடிக்க ஆள் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, சென்டர் முதலாளி ஜெய்லானி அண்ணன் பயந்துபோய் ஆறு மெஷினிலும் திருட்டு விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டுவிட்டார். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் புரோகிராம் அதில் இலவசமாகவே இருந்தது. எழுத்தைத் தட்டினால் எழுத்தைச் சொல்லும், சளி பிடித்த வெள்ளைக்காரன் குரலில். அதற்காகத்தான் பொன்னுத்தங்கம் வந்தாள். ஆறு மாதம் நாலாம் நம்பர் மெஷினை விட்டு நகரவில்லை.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை ஒன்று மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ராஜசிங் என்பவர் வந்து பரீட்சை வைப்பதாக ஏற்பாடு. தேறினால் இங்கிருந்தே வேலை பார்க்கலாம். தேறாவிட்டால் அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து, மதினி ஏவ ஏவத் தீக்குச்சி அடுக்கவேண்டியதுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கே வந்து, பழக்கத்துக்கு முதல் தடவையாக ஒரு பதிவை ஓட்டினாள்; அதுவரை வெறும் டைப்பிங்தான் பழகியிருந்தாள். டாக்டர் பேசினார். இவள் தட்டினாள். வெள்ளைக்காரன் எழுத்தைச் சொல்ல வாயைத் திறந்தான், அவ்வளவுதான். இரண்டு குரலும் ஒன்றாகத் திக்கி, தகரத்தில் மணலைக் கொட்டியது போலக் கரகரத்தன.

"ஏலே ஆசிக்! என்னத்தலே பண்ணித் தொலைச்ச?"

என் காலர் அவள் கையில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தாளோ!

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"போன மாசம் இந்த வெள்ளைக்காரன் குரல எலிக் குரலா மாத்துனது யாரு?"

"அது நான். இது நான் இல்ல."

"விடுங்கம்மா," என்றார் ஜெய்லானி அண்ணன். "அவனக் கொன்னுட்டா மெஷின யாரு பாக்குறது?"

ஸ்பீக்கரை மாற்றினேன். அதே கரகரப்பு. வயரைப் பிடுங்கிச் செருகினேன். அதே.

"கண்டதையும் நோண்டாத," என்றாள். "வெடிமருந்து தனித்தனியா இருக்கையில சும்மாதான் கிடக்கும். எது கூட எது சேருதுன்னு பாரு."

டாக்டரை மட்டும் ஓடவிட்டேன். சுத்தமாகப் பேசினார். வெள்ளைக்காரனை மட்டும் பேசவிட்டேன். அவனும் சுத்தம். சேர்த்தால் மணல். ஆக, ஸ்பீக்கரிலும் வயரிலும் குற்றமில்லை. மெஷினில் சத்தம் போகும் வழி ஒன்றுதான். பேச ஆசைப்படும் புரோகிராம்கள் பல. எல்லாச் சத்தத்தையும் வாங்கிக் கலந்து அனுப்ப நடுவில் பல்ஸ் ஆடியோ என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இப்போது யார் யாருக்கு வேலை செய்கிறான் என்று அவன் பட்டியலைத் திறந்தேன்.

இரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவதன் சத்தம் பூஜ்யத்தில் இருந்தது.

என் கை நின்றுவிட்டது.

"என்னலே மூச்சக் காணோம்? யாரு அது?"

வைரஸ் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. நாக்குவரை வந்தும்விட்டது. என்ன கழுதையோ, உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"சரவெடிச் சத்தம்க்கா. தீவாளி சீசன்ல நான் போட்டது. மெஷினப் போட்டதும் தானா ஓட ஆரம்பிக்கும். நடுநடுவுல படபடன்னு வெடிக்கும், உக்காந்திருக்கவன் துள்ளி எந்திரிப்பான்."

"நான் ஒருநாளும் கேக்கலையே?"

"நீங்க இந்த மெஷினுக்கு வந்த அன்னிக்குச் சத்தத்தப் பூஜ்யமாக்கிட்டேன்."

"நிறுத்தலையா?"

"நீங்க போனப்புறம் ஏத்திக்கிடலாம்னு நெனச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

காதுக்குக் கேட்காவிட்டாலும் பல்ஸ் ஆடியோ அதையும் விடாமல் கலந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். கிழட்டு மெஷின். மூன்று சத்தமும் மூன்று வேகம். மூன்றையும் ஒரே வேகத்துக்கு இழுத்துவரப் போய் மூச்சு முட்டியிருக்கிறது.

பொன்னுத்தங்கம் காலரை விட்டாள். "சத்தத்தக் கூட்டுலே."

"வேண்டாம்க்கா."

"கூட்டுங்கேன்ல."

ஜெய்லானி அண்ணன் என்னை முறைத்தார். கூட்டினேன். வெடிக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். படபடவென்று வெடித்தது. ரெண்டாம் நம்பரில் இருந்தவன் துள்ளி எழுந்தான். இவள் கடைசி வெடிவரை தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதுவாலே சரவெடி? பொரிகடலை வறுக்கிற சத்தம். இதக் கேட்டு நான் மயங்கி விழுவேன்னு பயந்தியாக்கும்?"

சத்தத்தை மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கினேன்.

"இவுக பெரிய இரக்கவான். எனக்குப் பாவம் பாத்து, என் பொழப்புல மண்ணப் போடப் பாத்தான். அத்துவிடுலே அத."

அழித்தேன். டாக்டரும் வெள்ளைக்காரனும் சேர்ந்து பேசினார்கள். இரண்டு குரலும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டன. மணி பத்து ஐம்பது.

ராஜசிங் நல்ல மனிதர். வந்ததும், "வேணும்னா கொஞ்சம் மெதுவா ஓட்டலாமாம்மா?" என்றார். நானும் ஜெய்லானி அண்ணனும் ஓர் அடி பின்னால் நகர்ந்தோம்.

"உங்க டாக்டரு மெதுவாவா பேசுவாரு? ஓட்டுங்க சார்."

இருபது நிமிடம். அவள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்ததில் அதுதான் அதிகம். மூன்று பிழை என்றார் ராஜசிங். அதில் இரண்டு டாக்டர் முழுங்கின வார்த்தை என்று அவரோடும் சண்டைக்கு நின்றாள். மறுபடி ஓட்டிக் கேட்டவர், ஒரு பிழை என்று திருத்திக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வேலை என்றார்.

"சந்தோசம்க்கா" என்றேன்.

"ஒன்னக் கேட்டனா?"

இப்போது நாலாம் நம்பர் காலை பத்திலிருந்து ஐந்துவரை அவளுக்குத்தான். பக்கத்து மெஷினில் நான் உட்கார்ந்தால் போதும், டாக்டரைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

"கைய மேசை மேல வைலே. ரெண்டும் வச்ச சத்தம் எனக்குக் கேக்கணும்."

வைக்கிறேன். அப்புறம்தான் டாக்டர் பேசுகிறார்.