வியன்னாவில் எனக்காக ஒரு கட்டில்

இன்று காலை வியன்னாவில் இருந்து ஒரு இமெயில். நான் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறைப் பெண் எழுதியிருந்தாள்.

"போய்த் திரும்பி வருவேன் என்று சொன்னீர்கள். இரண்டு நாள் உங்கள் கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. நலமாக இருக்கிறீர்களா?"

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதுகுப்பையோடு முதன்முதலாகப் போய் இறங்கிய ஐரோப்பிய நகரம் அது. வருடக்கணக்காக ஆசைப்பட்டுப் போனால், நான்கு நாளும் மழை. அரண்மனை வாசலில் என்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லி யாரையும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த நான்கு நாளும் என்னோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்ற முடிவோடுதான் சாவியைக் கொடுத்தேன். ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை. விடைபெறும்போது ஊரில் சொல்லும் "போட்டு வாறன்" என்பதை, போய்விட்டு வருகிறேன் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன்.

இமெயிலை நான் இரண்டாம் தரம் படிக்கும்போது, இந்த ஹோம்புஷ் ஃபிளாட்டில் என்னோடு இருக்கும் குமரன் குசினியில் இருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தான்.

"என்னடாப்பா, ஆளைக் காணக் கிடைக்கேல்லை. வேலையிலை பிஸியோ?"

"யூரோப்புக்குப் போட்டு வந்தனான்."

"ஓ? எப்ப போனனீ?"

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நான் வீட்டிலேயே இல்லை! போகும்போது அவனிடமும் "போட்டு வாறன்" என்றுதான் சொன்னேன். கடைக்கு என்று நினைத்திருக்கிறான்.

திரும்பி வருவேன் என்று பிழையாக விளங்கிக்கொண்ட ஒருத்திதான் என் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அவளுக்குப் பதில் எழுத வேண்டும். "நான் வரமாட்டேன்" என்று யாரிடமாவது நேரே சொல்லிப் பழகிய தமிழர் இருந்தால், எப்படிச் சொல்வது என்று கீழே எழுதுங்கள்.