டைகர் தின்ற ஜேட் இலை

டைகர் முதல் முறை வாந்தி எடுத்தபோது நாங்கள் பதறவில்லை. தெருவில் எதையாவது மேய்ந்துவிட்டு வந்து கக்குவது எங்கள் நாய்க்குப் புதிதல்ல. மழையால் உப்பளத்தில் வேலை நின்றிருந்ததால் என் கணவர் சேகரும் வீட்டில்தான் இருந்தார்.

“நேத்து கருவாட்டுத் தலையப் போட்டல்ல, அதான்” என்று என் மேல் பழியைப் போட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

டைகர் எழுந்து நடந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தது.

துடைக்கப் போனால், வாந்தியில் கருவாடு இல்லை. தடித்த பச்சை இலைத் துண்டுகள் கிடந்தன. டிவி பக்கத்தில் வைத்திருந்த ஜேட் செடி ஒரு பக்கம் மொட்டையாகியிருந்தது. புது வீட்டுக்கு ராசி என்று என் நாத்தனார் மாலா புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த செடி அது.

உப்பைக் கரைத்துக் கொடுத்தால் மிச்சமும் வந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? சேகர் அதற்குள் ஒரு கை அள்ளிவிட்டார். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் டைகரின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கிறது என்றார். நடையைப் பார்த்துவிட்டு அட்டாக்சியா (கால்கள் சொன்னபடி கேட்காத தள்ளாட்டம்) என்று எழுதினார்.

“உப்புத் தண்ணி குடுக்கலியே?”

“இல்லங்க டாக்டர்.”

“நல்லதாப் போச்சு. உப்பு ரத்தத்துல ஏறுனா அதுவே ஆளக் கொன்னுடும்.”

சேகர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இந்த மாதிரி சதை இலைச் செடி எல்லாமே நாய்க்கு விஷமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் இல்லம்மா. வெள்ளை வரி போட்ட ஹவொர்த்தியா ஒண்ணும் பண்ணாது. கத்தாழை வயித்தக் கெடுக்கும். ரணகள்ளி இதயத்தையே பாதிக்கும். ஜேட்ல எது விஷம்னு இன்னும் சரியாத் தெரியல. ஆனா நாய் பெரும்பாலும் பொழைச்சிக்கும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

டிரிப்ஸ் (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் நீர்) ஏறிக்கொண்டிருக்க, நான் டைகரின் விலா எலும்பின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஏறும், இறங்கும். மறுபடி ஏறும்வரை நானும் மூச்சு விடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டைகர் எழுந்தது. வாசல் வேப்பமரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கியது. சரிந்து விழுந்தது. ரோஷத்தோடு எழுந்து மறுபடி தூக்கியது. இந்த முறை நின்றது.

“போயிட்டான், போயிட்டான்” என்று சேகர் மாலாவுக்குப் போன் செய்தார். மாலா அலறியிருக்கிறாள்.

“ஏய், ஒண்ணுக்குப் போயிட்டான்னு சொல்றேன்” என்று திருத்தினார். அழுதுகொண்டே சிரித்த அவள் போனை என்னிடம் தரச் சொன்னாள்.

“அண்ணி, அடுத்த தடவ பிளாஸ்டிக் செடி வாங்கியாறேன்.”

“அதையும் தின்னுவான். ஸ்வீட் வாங்கிட்டு வா, நாங்க தின்னுக்குறோம்.”

அடுத்த சில நாட்கள் டைகருக்குக் கஞ்சிதான். தள்ளாட்டம் மெல்ல மெல்ல விட்டது. செடி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. உங்கள் நாயும் எதையாவது கடித்துவிட்டால், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். கடித்த செடியில் ஒரு துண்டோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

முன்பெல்லாம் காலைப்பொழுது எனக்கு அடுப்புக்கும் வாசலுக்கும் ஓட்டமாகத்தான் போகும். இப்போது டைகர் என் கால் மேல் தலை வைத்துத் தூங்கும்போது, அதன் மூச்சு என் முழங்காலில் படுகிறது. கால் மரத்துப்போகிறது. குக்கர் கூப்பிடுகிறது.

“நீ அசையாத” என்று சேகர் அடுப்பை அணைக்கப் போகிறார்.