கிருமி கட்டிய ஊடு

கண்ணாயி எந்த வேலையையும் பாதியில் விடுகிறவள் இல்லை. மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறினால் உச்சிக் கொத்து வரை பறித்துவிட்டுத்தான் இறங்குவாள். மாத்திரை விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் கிடையாது. நீர்க்கடுப்பு வந்தால் மலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி மருந்துக்கடையில் சொல்லி வாங்குவாள். எரிச்சல் அடங்கியதும் மீதியைப் பரணில் செருகிவிட்டுக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போய்விடுவாள். ஒரே வருசத்தில் மூன்று தடவை இப்படியே நடந்தது.

நான்காம் தடவை குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தன. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். பழைய மருந்து எதுவுமே கிருமிக்குள் ஊடுருவ மாட்டேன் என்கிறது, மறுநாளே வந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கண்ணாயியின் காதில் விழுந்தது இரண்டே சொல்: மருந்து, ஊடு. மலையில் ஊடு என்றால் குடியிருக்கிற வீடு. மருந்து என்றால் காட்டுக்கு அடிப்பதும் மருந்துதான். ஆக, நோய் ஊட்டில் இருக்கிறது, மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. முதலில் ஊட்டைச் சரிபண்ணிவிட்டு அப்புறம் வந்து படுக்கலாம் என்று பஸ் ஏறிவிட்டாள். புருசன் சின்னானைப் பிளீச்சிங் பவுடர் கரைத்து மூலைமுடுக்கெல்லாம் அடிக்க வைத்தாள். காய்ச்சலோடு தானே நின்று சுவருக்குச் சுண்ணாம்பு பூசினாள். வீடு பளிச்சென்று ஆனது, அவள் வாசலிலேயே சுருண்டு விழுந்தாள்.

பக்கத்து வீட்டு வேனில் கீழே கொண்டு வந்து சேர்த்தார்கள். ஏன் சொன்ன நாளில் வரவில்லை என்று நர்ஸ் ராதிகா கடிந்துகொண்டாள். கண்ணாயி காரணத்தைச் சொன்னாள். அடிவாரத்துப் பெண்ணான ராதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாயியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"உங்க ஊடு இல்லீங்க அக்கா, கிருமியோட ஊடு," என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். இந்தக் கிருமிக்கு உள்ளே ஒரு சவ்வு, வெளியே இன்னொரு சவ்வு. வெளிச்சவ்வில் பொடிப்பொடி வாசல்கள் உண்டு. கிருமி தின்கிற சத்து அந்த வழியாகத்தான் போகிறது. பல மருந்துகளும் அதே வழியில்தான் நுழைந்து அதைக் கொல்கின்றன. பாதி மருந்தோடு நிறுத்தினால், தாக்குப்பிடிக்கிற முரட்டுக் கிருமி மிஞ்சிப் பெருகும். அவற்றில் சிலதுக்கு வாசல் குறைவு. சிலது உள்ளே வந்த மருந்தையும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிற மாதிரி வெளியே தள்ளிவிடும்.

"இந்த ஊசி ஒன்னுதான் இன்னும் உள்ள போகுதுங்க, ஒரு வாரம் போடோணும். இதையும் பாதியில விட்டீங்கன்னா, அடுத்து போட எங்ககிட்ட மருந்து இல்லீங்க அக்கா."

கண்ணாயிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் உடம்புக்குள் உட்கார்ந்து, தான் வாங்கிக் கொடுத்த மருந்துக்கே பழகிக்கொண்டு தனக்கே கதவைச் சாத்துகிறதா? ஒரு வாரமும் இருந்து ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பசித்தது. மனசுக்குச் சோதனையும் அன்றைக்குத்தான் வந்தது. சின்னான் வந்து, மிளகு சிவந்து உதிர ஆரம்பித்துவிட்டது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை, உடம்புதான் சரியாகிவிட்டதே, கிளம்பு என்றான். கண்ணாயிக்குக் கை துறுதுறுத்தது. வருசம் முழுக்கப் பாடுபட்டது மண்ணில் கொட்டுகிறது என்று கேட்டால் எந்தக் குடியானவளுக்குத்தான் மனசு பொறுக்கும்? காலைக் கூடக் கட்டிலிலிருந்து கீழே வைத்துவிட்டாள். அப்புறம் மெதுவாக மேலே தூக்கிப் போர்வையை இழுத்துக்கொண்டாள். சின்னான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மிச்ச ஊசிகளையும் போட்டுக்கொண்டாள். கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று சொன்ன பிறகே மலையேறினாள்.

தோட்டத்தில் மரத்தடியெல்லாம் மிளகு உதிர்ந்து கிடந்தது. பாதிக்கு மேல் போயிருந்தது. கண்ணாயிக்குக் கண் கலங்கியது. சின்னான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். அவளும் பக்கத்தில் குந்தி, மண்ணை ஊதி ஊதிப் பொறுக்கத் தொடங்கினாள்.

"கொடி அடுத்த மாசியிலயும் காய்க்குமுங்க," என்றாள். "பறிக்க நான் இருக்கோணுமில்லீங்க."