வயிற்றுக் குழாயோடு அண்ணனை வாலாஜாபாத் கல்யாணத்துக்குக் கூட்டிப்போன கதை

என் பேரன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே அவனோடு ஒரே மெஷின் லைனில் வேலை பார்க்கும் பையனின் அப்பாவுக்கு உணவுக் குழாயில் புற்றுநோய். முற்றிவிட்டது என்று சொல்லி, வயிற்றில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதம் திண்டிவனம் பக்கம் அவர் மகளுக்குக் கல்யாணம். அப்பாவைக் கூட்டிப்போகலாமா கூடாதா என்று அந்த வீட்டில் தினமும் சண்டையாம். பேரன் என்னிடம் ஃபோனைக் கொடுத்து, "ஆயா, நீ பெரிய தாத்தாவ கூட்டினு போனியே, அத இவனுக்குச் சொல்லு" என்றான். பத்து நிமிடம் பேசினேன். பேச்சில் சொன்னது பாதி மறந்துபோகும், அதனால் எழுதியே வைக்கிறேன். இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கோயில் பயணம். இது வேறு மாதிரி. ஆனால் இதுவும் பயணம்தான், நான் போனதிலேயே கஷ்டமானதும் இதுதான்.

1991 ஆவணி மாதம். அண்ணன் ஏகாம்பரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, மண்ணூரில் இருந்தார். மாசியில் சோறு இறங்கவில்லை என்றார். சித்திரையில் கஞ்சியும் இறங்கவில்லை. சென்னையில் பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனபோது, கட்டி அக்கம்பக்கமும் பரவிவிட்டது, அறுத்து எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பட்டினியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு வாய்வழியாக ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்ப வேண்டும்.

குழாயில் எப்படி ஊற்றுவது என்று ஒரு நர்ஸ் அம்மா எனக்கும் அண்ணி கன்னியம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார். "முன்னாடி வெதுவெதுன்னு தண்ணி, பின்னாடி வெதுவெதுன்னு தண்ணி. எத ஊத்தறதா இருந்தாலும் துணில ரெண்டு வாட்டி வடிகட்டு. அடைச்சிகிச்சின்னா குச்சி, கம்பின்னு எதையும் உள்ள வுடாத. குழா கிழிஞ்சிதுன்னா மறுபடி இங்கதான் வரணும்." நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதிக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் அந்த நர்ஸ் அம்மாவே, "சந்தேகம்னா இந்தம்மாவ கேட்டுக்கோ" என்று என்னைக் காட்டினார். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் மூத்த மகள் மல்லிகாவுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை ஊரில்தான் கல்யாணம். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். பந்தியிலும் அவர் இலையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: நோயாளியை ஏன் அலைக்கழிக்க வேண்டும், முறைக்கு வேறு ஒரு மாமன் கட்டினால் போதுமே என்று. அதில் அக்கறையும் இருந்தது, பயமும் இருந்தது. அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் குரல் அப்போதே வெறும் காற்றாகியிருந்தது.

"காது குத்தறதுக்கு எம்மடிலதான குந்த வெச்சீங்க? இப்ப மட்டும் வேற மாமன் எங்கருந்து வந்தான்?" என்றார்.

அவ்வளவுதான். கூட்டிப்போவது என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் கேட்டேன். உட்கார்ந்தபடியே போக வேண்டும், வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை விடியற்காலை முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பெண் வாலாஜாபாத் போய்ச் சேர வேண்டும். என் வீட்டுக்காரர் சாமான்களோடு முந்தின நாளே போய்விட்டார். நான் மண்ணூருக்குப் போய் அண்ணனையும் அண்ணியையும் வேனில் ஏற்றினேன். காலை பத்தரைக்குக் கிளம்பினோம். வழி இதுதான்: மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர், வல்லம், ஒரகடம், வாலாஜாபாத். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வேன் வாடகை நானூறு ரூபாய். இன்று வல்லம் வடகாலில் கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடமே தெரியாது. அன்று ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல்தான். ரோடும் ஒரு வண்டி அகலம்தான், எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும்.

அண்ணனை முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தோம். கையில் துப்புவதற்கு அடியில் சாம்பல் போட்ட ஒரு டப்பா. அதை மறைக்கவே கூடாது. மறைத்தால் அவர் கூச்சப்பட்டு எச்சிலை அடக்குவார், அடக்கினால் புரையேறும்.

டிரைவர் காதர் பாய் நல்ல மனிதர். "இன்னாண்ணே, குலுங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"உன் வண்டி குலுங்கலன்னாதான் பயப்படணும் பாய்."

"ஸ்ரீபெரும்புதூர்ல டீசல் போட்டுக்கறேன், அஞ்சு நிமிசம்."

"எனக்கும் அங்கியே ஊத்திடச் சொல்லு. ரெண்டு பேருக்கும் குழாதான."

பாய்க்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அண்ணன் சிரித்த பிறகுதான் அவரும் சிரித்தார். டீசல் போட்ட பிறகு வேனை நிழலில் நிறுத்தி, வடிகட்டிய கஞ்சி ஊற்றினோம். ஓடுகிற வண்டியில் ஊற்றக் கூடாது. ஊற்றிய பிறகு அரை மணி நேரம் சாயவும் கூடாது.

எங்கள் ஊரான வல்லத்தில் மல்லிகாவும் சொந்தக்காரர்களும் ஏறினார்கள். என் வீட்டுக்காரரின் பங்காளி முனிரத்தினம் மாமாதான் கூட்டத்துக்குப் பெரியவர். ஒரகடத்தை நெருங்கும்போது ஒரு மணி இருக்கும். ரோட்டோர அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடியில் விட்டுப்போனால் ஆவணி ஞாயிற்றில் ஊற்றுவது எங்கள் ஊர்களில் உண்டு. கல்யாண வண்டி கோயிலைத் தாண்டிப் போகலாமா? நிறுத்தினோம். நான் மல்லிகாவை இறக்கி, கற்பூரம் ஏற்றக் கூட்டிப்போனேன்.

நாங்கள் அந்தப் பக்கம் போனதும் ஒரு அம்மாள் ஜன்னல் வழியே ஒரு செம்புக் கூழை நீட்டியிருக்கிறார். மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். ஆறு மாதமாக அண்ணன் அந்த வாசனையைக் கண்டதில்லை. "ஊத்து கன்னிம்மா" என்றிருக்கிறார். அண்ணி, "வடிகட்டலயே" என்று தயங்கியிருக்கிறாள். "ஆத்தா கூழ எவனாவது வடிகட்டுவானாடி?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அண்ணியிடம் பதில் இல்லை. எங்களில் யாரிடமும் இருந்திருக்காது. அம்மனுக்குப் படைத்த கூழைத் துணியில் பிழிந்து சக்கையை எறிவது எப்படி? மேலாகத் தெளிந்திருந்ததை மொண்டு ஊற்றிவிட்டாள்.

கேழ்வரகுக் கூழில் அரிசி நொய் போட்டுக் காய்ச்சுவது எங்கள் வழக்கம். நான் திரும்பி வரும்போது குழாயில் கூழ் அப்படியே நிற்கிறது. பின்னால் ஊற்றிய தண்ணீரும் இறங்கவில்லை.

குழாய் திறக்காவிட்டால் சென்னைக்குத்தான் போக வேண்டும். சென்னைக்குப் போனால் பட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கி, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் நேராக உட்காரவைத்தேன். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு பையில் இருந்தது. டீக்கடைக்காரர் வெந்நீர் கொடுத்தார். நல்ல மனசோடு துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியும் உருவிக் கொடுத்தார். "ஒரு குத்து குத்துனா தொறந்துக்கும்மா."

"குச்சி வேணாம்ணா. தண்ணி போதும்."

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிய தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, மெதுவாக உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம். விரல்களால் குழாயை மேலிருந்து கீழே மாட்டு மடியைப் போல நீவிவிட்டேன். அசையவில்லை. மறுபடியும் அதேதான். அழுத்தித் தள்ளக் கூடாது, அது முக்கியம்.

இரண்டு மணி ஆனதும் முனிரத்தினம் மாமா பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா தனம், இப்படியே குந்திகினு இருந்தா ராவுகாலம் வந்துடும். அண்ணன பஸ்ஸுல ஏத்தி வூட்டுக்கு அனுப்பிடு. உன் சித்தப்பா மொவன் அங்க வரான் இல்ல, அவன் கட்டட்டும்."

"அவசரம்னா நீங்க பஸ்ல போங்க மாமா. எங்கண்ணன் வேன்லதான் வருவாரு."

"தொறக்கலன்னா?"

"தொறக்கலன்னா வேன் பட்டணத்துக்குப் போவும். பொண்ணும் கூடத்தான் வரும்."

சொன்ன பிறகுதான் எனக்கே அதன் எடை தெரிந்தது. சொன்னது சொன்னதுதான். மல்லிகா வேனிலிருந்து இறங்கி வந்து, மாமன் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தள்ளிக்கோ. பட்டுப்பொடவ நனையுது" என்றார் அண்ணன்.

"நனைட்டும் மாமா. நீ ஆடாம குந்து."

வாலாஜாபாத் பஸ் வந்து போனது. முனிரத்தினம் மாமா ஏறவில்லை. குடையை விரித்து அண்ணனுக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிரிஞ்சு தானாக இளகியது. பின்னால் இழுத்தபோது கலங்கிய தண்ணீரோடு ஒரு நொய் வந்தது. பாதி அரிசிகூட இல்லை. தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், கடகடவென்று இறங்கியது. அண்ணன் என் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்.

"இத்தினூண்டு நொய்யி. ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பாத்துச்சே."

"ஏறுங்க, ஏறுங்க, பேச்ச அப்பால வெச்சிக்கலாம்" என்று பாய் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் இருபது கிலோமீட்டர். நாலு மணிக்கு ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் இறங்கினோம். பெண்ணழைக்க வந்த சம்பந்தியம்மாவின் கண் அண்ணன் கையில் இருந்த டப்பாவைத்தான் முதலில் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிகாலையில் அண்ணன் பட்டம் கட்டினார். மல்லிகா தலையை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தாள். முடிச்சு விழ நேரமாயிற்று. யாரும் உதவிக்குக் கை நீட்டவில்லை, நீட்ட நான் விடவுமில்லை. மேளக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு வாசிப்பை நீட்டினார்.

பிறகு பந்தி. முதல் வரிசையில் முதல் இலை அண்ணனுக்கு. இலையில் எல்லாம் விழுந்தாயிற்று. இந்தப் பக்கம் முப்பது பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கிறார்கள். சும்மா இலையைத் தொட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று ரகசியமாகச் சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அப்போது சம்பந்தியம்மா என்னிடம் வந்து, "குழால இன்னா ஊத்துவீங்க?" என்று கேட்டார்.

"தண்ணியா, கட்டி இல்லாம, எதுவா இருந்தாலும் ஊத்தலாம்."

உள்ளே போனார். வெள்ளைத் துணியில் இரண்டு தடவை பிழிந்து, வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்தார். "முந்திரி, சேமியா எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றார்.

"முந்திரிய எடுத்துட்டுப் பாயசம் குடுக்கற சம்மந்திய இப்பதாம்மா பாக்கறேன்" என்றார் அண்ணன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி எல்லோர் கண் முன்னாலும் குழாயைத் திறந்து ஊற்றினாள். அண்ணன் ஒரு விரலால் பாயசம் தொட்டு நாக்கில் வைத்து, சுவைத்து, டப்பாவில் துப்பினார். பிறகு இலையில் கை வைத்தார். வரிசை சாப்பிடத் தொடங்கியது.

கார்த்திகையில் அண்ணன் போய்விட்டார். வீட்டில்தான், தலையணையில் சாய்ந்தபடி. அந்தப் பயணத்தால் சீக்கிரம் போய்விட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் கடைசி வரைக்கும் ஒரகடத்து நொய்யைச் சொல்லிச் சிரித்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இனி, கிளம்புகிறவர்களுக்கு. முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமாக நோயாளியிடம் கேளுங்கள், போக விருப்பமா என்று. மற்றவர்களிடம் கேட்க வேண்டாம். சிரிஞ்சு இரண்டாக எடுத்துப் போங்கள், ஃபிளாஸ்கில் வெந்நீர், வடிகட்ட இரண்டு துணி, வலி மருந்து கைப்பையில். வலி மருந்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடாதீர்கள். வழியில் எந்த ஆசுபத்திரி இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தண்ணீருக்கும் திறக்காவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் அங்கே போய்விடுங்கள். இந்த ரோட்டில் இப்போது ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வராதீர்கள். கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் சேர்ந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு மணி நேரம் நிறுத்திவிடும்.

அந்தக் கேள்விக்கு, அம்மன் கூழை வடிகட்டலாமா என்பதற்கு, மறு வருஷமே பதில் கண்டுபிடித்தோம். படைத்த பிறகு வடிகட்ட மனம் வராது. படைப்பதற்கு முன்னால் வடிகட்டினால் யார் கேட்பது? ஆவணி ஞாயிற்றில் எங்கள் வீட்டிலிருந்து அந்த ஒரகடத்துக் கோயிலுக்குப் போகும் கூழில் ஒரு குண்டான் நொய் போடாமல் காய்ச்சி, துணியில் இரண்டு தடவை பிழிந்து, அதன் பிறகுதான் அம்மன் முன்னால் வைக்கிறோம். இப்போது மல்லிகா காய்ச்சுகிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெரும்பாலும் குழந்தைகள்தான் குடிக்கிறார்கள். இடையில் நாலைந்து வருஷங்களில், குழாயோடு வந்தவர்களும் வாங்கிப் போனார்கள். அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்திக் கேளுங்கள். கடைசியில் இருக்கும் சின்னக் குண்டான்.